மழையில் எரிந்த காமன்

இலங்கையின் வரைபடத்தை விரித்து, மாத்தளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நாட்டின் ஏறக்குறைய நடுவில், வடக்கே பரந்து கிடக்கும் வறண்ட சமவெளி முடிந்து மலைகள் எழத் தொடங்கும் இடத்தில் அப்பெயரைக் காண்பீர்கள். கண்டி நகருக்கு வடக்கே ஏறக்குறைய 26 கிலோமீற்றர் தொலைவு. 1880 ஆம் ஆண்டு கண்டியிலிருந்து இங்கே புகையிரதப் பாதை வந்து சேர்ந்தது. இன்றும் அப்பாதை இவ்வூருடன் நின்றுவிடுகிறது. புகையிரதத்துக்கு மாத்தளை கடைசித் தரிப்பிடம். மலையகத் தமிழரின் வரலாற்றுக்கோ அது முதல் வாசல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தமிழகத்துக் கிராமங்களை விட்டுப் புறப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து நடை. காட்டைக் கடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாக வந்த அவர்களுக்கு மலைநாட்டின் குளிர்காற்று முதன்முதலில் முகத்தில் பட்டது மாத்தளையிலேதான். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர் பலர். மலையக வரலாற்றின் 200 ஆண்டு நிறைவை நினைந்து, 2023 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டு, ஆகஸ்ட் 12 ஆம் நாள் மாத்தளையை அடைந்ததை வாசகர் அறிவர். நகரில் உயர்ந்து நிற்கும் முத்துமாரியம்மன் கோயிலும் அம்மக்களின் நம்பிக்கையில் எழுந்ததே. 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தில் எரியுண்ட அக்கோயில் மீண்டும் எழுந்து, மாசி மகத்தை ஒட்டி ஐந்து தேர்களை வீதியில் உலவ விடுகிறது.

நடந்து வந்தவர்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்தவை கொஞ்சம். நெஞ்சிலே சுமந்து வந்தவை மிகுதி. அவற்றுள் ஒன்று காமன் கூத்து. மாத்தளை மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில், திறந்த வெளியிலே, விடிய விடிய, கொட்டும் மழையில் நனைந்தபடி அக்கூத்தைப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் ஒரு மாசி மாதத்தில் எமக்குக் கிடைத்தது. அதைப் பற்றிச் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

கதையும் கம்பமும்

காமன் கதை தமிழருக்குப் புதியதன்று. சிவபெருமான் யோகத்தில் அமர்ந்துவிட்டார். சூரபன்மனின் கொடுமை தாளாத தேவர்கள், அந்த யோகத்தைக் கலைக்குமாறு மன்மதனை ஏவினர். போகவேண்டாம் என்று மனைவி இரதி தடுத்தாள், அவன் கேட்கவில்லை. மலர்க்கணை தொடுத்தவன் நெற்றிக்கண்ணின் நெருப்பிலே சாம்பலானான். இரதி அழுது வேண்டினாள். அவள் கண்ணுக்கு மாத்திரம் தெரியும் உருவத்தோடு அவன் உயிர்பெற்றான். இது நிகழ்ந்த தலம் என்று மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருக்குறுக்கையைச் சொல்வர். சிவனுடைய வீரம் விளங்கிய எட்டுத் தலங்களுள் அதுவும் ஒன்று.

தஞ்சைச் சீமையில் இக்கதையை வைத்து இரு கட்சிகளாகப் பிரிந்து லாவணி பாடும் வழக்கம் இருந்தது. மன்மதன் எரிந்தே போனான் என்று வாதிடுவோர் எரிந்த கட்சியினர். எரியவில்லை என்று வாதிடுவோர் எரியாத கட்சியினர். கேள்வியும் மறுமொழியுமாக வாதம் இரவெல்லாம் நடக்கும். இந்த இரு கட்சிகளின் பெயரையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னே தேவைப்படும்.

மலையகத்தில் மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்தவுடன் காமன் நடப்படுகிறான். ஆமணக்கு, கரும்பு முதலியவற்றின் தண்டுகளைச் சேர்த்து நட்டு, வைக்கோற்பிரியைச் சுற்றி, எருவறட்டி கட்டி நிறுத்துவர். அதுவே காமன் கம்பம். அன்று முதல் வேடம் தாங்குவோர் நோன்பிருப்பர். இரவுதோறும் கம்பத்தைச் சுற்றி ஆட்டமும் பாட்டும் நடைபெறும். இரதியும் மன்மதனும் லயங்களுக்குச் சென்று வாசல்தோறும் ஆடிவருவர். பௌர்ணமியை ஒட்டிய இரவில் காமதகனம். அன்றுதான் சிவன், நந்தி, தட்சன், வீரபத்திரன், எமன், குறவன், குறத்தி என்று வேடங்கள் ஒவ்வொன்றாக இறங்கும். கம்பம் எரியும். சில நாள் கழித்துப் பாலூற்றி, மன்மதனை உயிர்ப்பித்து விழாவை முடிப்பர். தோட்டத்துக்குத் தோட்டம் முறைகள் சற்று மாறும். நட்ட காமனை எரித்தே ஆகவேண்டும் என்பது மாத்திரம் மாறாது.

மேகம் சூழ்ந்த மலை

நாம் நால்வர் சென்றோம். இருவர் ஆசிரியர், இருவர் மாணவர். மாணவருள் ஒருவர் நாம் செல்லவிருந்த தோட்டத்திலேயே பிறந்தவர். மற்றவர் யாழ்ப்பாணத்தவர், நகரத்து இசைநிகழ்ச்சிகளைத் தேடித்தேடிப் பார்ப்பவர், தோட்டத்துக் கூத்தை அதுவரை கண்டிராதவர்.

மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்குச் செல்லும் பஸ்வண்டியில் ஏறினோம். நகரைத் தாண்டியதும் மிளகுக்கொடி படர்ந்த மரங்களும் கராம்பும் சாதிக்காயும் நிறைந்த தோட்டங்கள் வந்தன. பாதை உயர உயரத் தேயிலை. அதற்கு மேலே, கீழ்த்திசை முழுவதையும் அடைத்துக்கொண்டு தும்பறை மலைத்தொடர் நின்றது. மடக்கிய கையின் விரல்மூட்டுகள் போல வரிசையாகச் சிகரங்கள் தோன்றுவதனால் ஆங்கிலேயர் அதற்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். அதன் மிகவுயர்ந்த சிகரமாகிய கொம்பனிய 1,906 மீற்றர் உயரமுடையது. இம்மலைக் காடு 2010 ஆம் ஆண்டு உலக மரபுரிமைத் தலங்களின் வரிசையில் இடம்பெற்றது. வடகீழ்ப் பருவக்காற்று, தென்மேல் பருவக்காற்று ஆகிய இரண்டையும் குறுக்கே நின்று மறித்து மழையாக்கி விடுவது இம்மலைத்தொடரின் இயல்பு. ஆகையால் இதன் அடிவாரத்தில் வாழ்வோர் மழைக்கு நாள் பார்ப்பதில்லை.

பஸ்வண்டியை விட்டு இறங்கியபோது சிகரங்கள் மறைந்துவிட்டன. மேகம் மலையை விட்டிறங்கித் தேயிலைச் செடிகளின் மேல் தவழ்ந்தது. "மழை வந்தால் கூத்தை நாளைக்குத் தள்ளிவைப்பார்களா?" என்று யாழ்ப்பாண மாணவர் கேட்டார். தோட்டத்து மாணவர் சிரித்தார். "பௌர்ணமியைத் தள்ளிவைக்க முடியுமா?" என்றார்.

அவருடைய வீடு லயத்தின் நடுக் காம்பரா. இஸ்தோப்பில் எம்மை அமர்த்தி, இஞ்சி தட்டிப்போட்ட தேநீர் கொடுத்தார் அவருடைய தாயார். பிறகு உள்ளே சென்று நான்கு கம்பளிகளைக் கொண்டுவந்தார். கொழுந்து பறிப்போர் மழைக்குத் தலையில் போர்த்திக்கொள்ளும் கருங்கம்பளிகள் அவை. "இதப் போத்திக்குங்க சேர். கொடை வேணாம். கொடை விரிச்சா பின்னால நிக்கிற ஆளுகளுக்கு மறைக்கும்" என்றார்.

தப்புக் காய்ச்சிய நெருப்பு

லயத்தின் கீழே கோயிலை ஒட்டி ஒரு சமதரை. அதன் நடுவில் கம்பம் நின்றது. கம்பத்தை உச்சி முதல் அடி வரை பொலித்தீன் தாளால் போர்த்திக் கட்டியிருந்தார்கள். மணவறைக்குப் போகும் மாப்பிள்ளையை மழைபடாமல் அழைத்துச் செல்வதுபோல அக்காட்சி இருந்தது. ஓர் ஓரத்தில் நான்கு தகரங்களைச் சாய்த்து, அதன் கீழே வைக்கோலும் விறகுச் சுள்ளியும் எரித்துக் கொண்டிருந்தார்கள். தப்பு வாசிப்போர் அந்நெருப்பைச் சுற்றி அமர்ந்து தப்பைக் காய்ச்சினர்.

தோற்கருவிக்கு ஈரமே பகை. ஈரம் ஏறினால் தோல் தளரும். தளர்ந்த தோலில் ஒலி எழாது. சூடு பட்டால் தோல் இறுகும். இறுகினால் நாதம் கணீரென்று எழும். வறண்ட இரவில் நாழிகைக்கு ஒருமுறை காய்ச்சினால் போதும். அன்றோ ஆறு தப்புகளில் மூன்று களத்தில் இருக்க, மூன்று நெருப்பருகே இருந்தன. களத்தில் ஒன்று தளர்ந்தவுடன் சிறுவன் ஒருவன் அதை வாங்கிக்கொண்டு ஓடுவான், காய்ந்ததை நீட்டுவான். தாளம் ஒருமுறைகூட அறுபடவில்லை. கேட்போருக்கு ஆறு தப்பும் ஒரே தப்பாகவே ஒலித்தன.

இரவு ஒன்பது மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அன்று துளைத்தது மழை. பத்து மணியளவில் முதல் துளிகள் விழுந்தன. சிறிது நேரத்தில் பேய்மழையாயிற்று. கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து லயங்களுக்கு ஓடினர். வந்த வேலை முடிந்தது என்றே எண்ணினோம். ஐந்து நிமிடம் கழியவில்லை; ஓடியவர்கள் திரும்பினார்கள். ஒருவர் தலையில் கம்பளி; மற்றவர் தலையில் உரச்சாக்கு; வேறொருவர் தலையில் பிளாஸ்டிக் கூடை. ஒரு முதியவர் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சுமந்துகொண்டு வந்து நின்றார். மழைக்கு ஒதுங்கப் போகவில்லை. மழைக்கு வேண்டியதை எடுத்துவரவே போயிருந்தார்கள்.

பதினொரு மணிக்கு மின்சாரம் நின்றது. ஒலிபெருக்கி ஊமையாயிற்று; வரிசையாகக் கட்டியிருந்த வண்ண விளக்குகள் அணைந்தன. எவரும் பதறவில்லை. முச்சக்கர வண்டிகள் இரண்டைக் கொண்டுவந்து, முன்விளக்குகளைக் களத்தின் பக்கம் திருப்பிவிட்டனர். இரு ஒளிப்பட்டைகளுக்கிடையே மழைக்கம்பிகள் வெள்ளியாய் மின்ன, சேற்றிலே இரதியும் மன்மதனும் ஆடினார்கள். ஒலிபெருக்கி நின்றதும் வாத்தியாரின் உண்மையான குரல் எமக்குக் கேட்டது. அறுபது வயதைக் கடந்தவர். உடுக்கை ஒலியோடு அக்குரல் மழையின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்தது. அவர் ஓர் அடி பாடினால், நின்றிருந்த மக்கள் மறு அடியைச் சேர்ந்து பாடினார்கள். ஒலிபெருக்கி இருந்தவரை கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அது நின்றபின் பாடுவோராயினர்.

வேலி முறிந்த விழாவும் வேலியற்ற விழாவும்

"சேர், இது எங்கள் வூட்ஸ்டொக்!" என்று கூவினார் யாழ்ப்பாண மாணவர். முழங்கால்வரை சேறு, முகமெல்லாம் மகிழ்ச்சி.

அவர் சொன்னதன் பொருளை இளையோர் அறிவர். ஏனையோருக்காகச் சிறிது விளக்குவோம். 1969 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 ஆம் நாள் தொடங்கி 18 ஆம் நாள் காலைவரை, அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தின் பெத்தெல் என்னும் இடத்தில், பாற்பண்ணையாளர் ஒருவரின் நிலத்தில் நடந்த இசைவிழாவே வூட்ஸ்டொக். முன்னதாக நுழைவுச்சீட்டு விற்றிருந்தார்கள். ஆனால் வேலி போட்டு முடிவதற்குள் மக்கள் வெள்ளமாக வந்துவிட்டனர். விழா இலவசம் என்று அறிவிப்பதைத் தவிர வேறு வழியில்லாமற் போயிற்று. ஏறக்குறைய 4 இலட்சம் பேர் கூடினர். மழை பெய்தது, வயல் சேறாயிற்று, அச்சேற்றிலேயே ரொக் இசையைக் கேட்டுக் கிடந்தனர். முதல்நாள் இரவு பண்டிதர் ரவிசங்கர் அல்லா ரக்காவின் தபேலாவோடு சித்தார் வாசித்தபோதும் மழைதான்.

அந்த விழாவுக்கும் நாம் நின்ற மலைக்கும் ஓர் உறவு உண்டு. முதல்நாள் மாலை மேடையில் அமர்ந்து, திரண்டிருந்த இளைஞருக்கு அமைதியைப் பற்றி உரையாற்றியவர் சுவாமி சச்சிதானந்தர். கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள செட்டிபாளையத்தில் 1914 ஆம் ஆண்டு பிறந்த தமிழர். சுவாமி சிவானந்தரின் சீடராகிய அவர், 1966 இல் மேலைநாடு செல்வதற்கு முன் இலங்கைக்கு வந்து, கண்டியில் ஆச்சிரமம் அமைத்துப் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். மாத்தளைக்கு மிக அருகே வாழ்ந்த ஒரு தமிழ்த் துறவியின் குரல் அமெரிக்க விழா ஒன்றைத் தொடக்கிவைத்தது என்று சொன்னபோது மாணவர் இருவரும் வியந்தனர்.

ஆயினும் இரண்டு விழாக்களிலும் இலவசம் என்னும் சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே வேலி போட எண்ணி, முடியாமற் போனதனால் இலவசமாயிற்று. இங்கே வேலி போட எவரும் எண்ணியதே இல்லை. அப்படியானால் செலவை யார் ஏற்கிறார்? நாம் விசாரித்தோம். ஒவ்வொரு காம்பராவும் தன்னால் இயன்ற பணம் கொடுத்திருந்தது. பணம் இல்லாதவர் அரிசியும் தேங்காயும் கொடுத்தனர். மாடு வளர்ப்பவர் வறட்டி கொடுத்தார். வைக்கோல் கீழேயுள்ள சிங்களக் கிராமத்து வயலிலிருந்து வந்தது. கேட்டவுடன் காசு வாங்காமல் கட்டிக்கொடுத்தாராம் அவ்வயலுக்குரியவர். உடைகளைப் பெண்கள் தைத்தார்கள். கொழும்பிலே வேலைபார்க்கும் பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். எல்லோரும் முன்னரே கொடுத்துவிட்டதனால் வாசலில் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இலவசம் என்று நாம் சொல்லும் அக்கூத்துக்குப் பணம் கொடுக்காமல் நின்றவர்கள் வெளியூரிலிருந்து சென்ற நாம் மாத்திரமே. எம் பங்காக நனைந்தோம், அவ்வளவே.

எரியுமா, எரியாதா?

நள்ளிரவு தாண்டியது. மன்மதன் தூது போகப் புறப்பட்டான். இரதி தடுத்தாள், தர்க்கம் நடந்தது. வானத்தில் பௌர்ணமி நிலவு இருந்தும் தெரியவில்லை. மழை குறையவேயில்லை. கம்பத்தைப் பார்த்தோம். பொலித்தீன் தாளின் மடிப்புகளில் நீர் தேங்கி ஒழுகியது. நனைந்த வைக்கோல் எரியுமா என்பதே எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வி. "இன்றைக்கு எரியாத கட்சிக்குத்தான் வெற்றி" என்று மெல்லச் சொன்னார் யாழ்ப்பாண மாணவர். வேறொரு பொழுதாயின் எல்லோரும் சிரித்திருப்போம். அருகில் நின்ற தோட்டத்து மாணவர் சிரிக்கவில்லை.

இடைவேளையில் வாத்தியாரிடம் சென்றோம். கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றினால் பற்றிக்கொள்ளாதா என்று கேட்டோம். அவர் தலையை ஆட்டினார். "அது குப்பைய எரிக்கிற மாதிரி ஆயிரும் சேர். எங்க பாட்டன் காலத்துல இருந்து காமனுக்கு மண்ணெண்ணெய் ஊத்துனதில்ல. நட்டது நாங்க, எரிக்கிறது அவன். எரிப்பான், பாருங்க" என்று கம்பத்துக்கு அப்பால் சிவவேடம் தாங்கி நின்றவரைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எரியலேன்னா இந்தப் பயலுக அடுத்த வருஷம் நடமாட்டானுக. அதுதான் பயம்" என்றார்.

அப்போதுதான் அந்த மழையின் பொருள் எமக்கு முழுமையாக விளங்கிற்று. இரதி வேடம் தாங்கிய இளைஞர் கொழும்பில் ஒரு கடையில் வேலைபார்ப்பவர். பதினைந்து நாள் விடுமுறை பெற்று வந்து நோன்பிருந்தார். மன்மதன் வேடம் தாங்கியவர் அடுத்த மாதம் வெளிநாடு செல்லவிருந்தார். முன்பு இத்தோட்டத்தில் இரதி வேடத்துக்கு மூவர் போட்டியிடுவார்களாம். இப்போது ஒருவரைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. இளைஞர் நகரங்களுக்குப் போவதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. மலையிலே மழை பெய்தால் கொழுந்து பறிக்க முடியாது. அரைப்பேரோடு வீடு திரும்ப நேரும். கூரை ஒழுகும். மழை மிஞ்சினால் மண்ணே சரியும். 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மலைச்சரிவு லயங்களை உயிரோடு மூடியதை மலையகத்தில் மறந்தவர் இல்லை. மழையென்றால் என்னவென்று நன்கறிந்த மக்கள், அந்த மழையிலே, எவரும் கட்டாயப்படுத்தாமல் நின்றார்கள். நின்றதன் காரணம், தங்கள் பிள்ளைகள் அடுத்த ஆண்டும் இக்கம்பத்தை நடவேண்டும் என்ற ஆசை ஒன்றுதான்.

அதிகாலை நான்கு மணி. மன்மதன் வில்லை வளைத்தான். தப்புகள் ஆறும் ஒருங்கே களத்துக்கு வந்தன; இனிக் காய்ச்ச நேரமில்லை. எட்டு இளைஞர் ஒரு பெரிய படங்கைக் கழிகளின் மேல் தூக்கிப் பிடித்துக் கம்பத்துக்குக் கூரையாக்கினர். பொலித்தீன் தாளை அறுத்தார்கள். மேற்பிரி நனைந்திருந்தது, அதைக் கையாலேயே உரித்து எறிந்தார் ஒருவர். உள்ளே வைக்கோல் பொன்னிறமாய், உலர்ந்து இருந்தது. சிவன் கண்விழித்தார். இரவெல்லாம் தகரத்தின் கீழே தப்பைக் காய்ச்சிய நெருப்பிலிருந்தே ஒரு பந்தத்தைக் கொளுத்திக் கொண்டுவந்தார்கள். பந்தம் வைக்கோலைத் தொட்டது. முதலில் புகை. பிறகும் புகை. தப்பின் ஒலி ஓங்கியது. எவரும் மூச்சு விடவில்லை. திடீரென்று உள்ளிருந்து ஒரு செந்நாக்கு எட்டிப்பார்த்தது. உரித்த இடத்தைப் பற்றிக்கொண்டு மேலே ஓடியது. "படங்க எடுங்கடா!" என்று வாத்தியார் கத்தினார். படங்கு விலகவும் தீ உச்சிவரை எழுந்தது. மழை பெய்துகொண்டே இருந்தது. காமன் எரிந்துகொண்டே இருந்தான். எரிந்த கட்சி வென்றது.

அடுத்த கணம் களத்தில் இரதியின் ஒப்பாரி எழுந்தது. அதுவரை ஆரவாரித்த கூட்டம் அடங்கிற்று. பெண்கள் அழுதார்கள். மழைநீரும் கண்ணீரும் வேறுவேறாகத் தெரியவில்லை. எம் அருகே நின்ற மூதாட்டி ஒருவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பின்னர் எம்மிடம் சொன்னார்: "எங்க அக்கா குடும்பம் இந்தியாவுக்குப் போனப்ப மாத்தள டேசன்ல நான் இப்படித்தான் அழுதேன் சாமி. அன்னைக்கும் மழ. அதுக்கப்புறம் அவ மொகத்தப் பாக்கவே இல்ல." 1964 ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்லவேண்டும் என்று எழுதினார்கள். அவர்களை ஏற்றிச்சென்ற புகையிரதத்துக்கு மலையக மக்கள் இட்ட பெயர் அழுகைக் கோச்சி. ஆண்டுதோறும் இரதியின் வாயால் அந்த அழுகையை இம்மக்கள் அழுது தீர்க்கிறார்கள். ஆறாத துயரத்துக்கு இக்கூத்து ஒரு வடிகால். அதனால்தான் நடுவிலே நிறுத்த மனம் வருவதில்லை.

மாணவர்க்குச் சில சொற்கள்

விடிந்ததும் மழை ஓய்ந்தது. வாத்தியார் தம் பாட்டுக் கொப்பியை எடுத்துவந்து காட்டினார். அவருடைய தந்தையின் கையெழுத்தில் பாதி. அவருடைய கையெழுத்தில் மீதி. ஓரங்கள் ஈரத்தால் கரைந்து, சில வரிகள் அழிந்திருந்தன. அழிந்த வரிகளை அவர் நினைவிலிருந்து பாடினார். மாணவர் இருவரும் இஸ்தோப்பில் அமர்ந்து, ஒருவர் எழுத, மற்றவர் குரலைப் பதிவுசெய்யப் பகல்முழுவதும் பணிபுரிந்தனர். நாற்பது பக்கங்கள் தேறின. நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுமில்லை. கொப்பியின் ஓரத்தைப் பார்த்தவுடன் செய்யவேண்டியதை அவர்களே உணர்ந்துகொண்டார்கள்.

இப்பணிக்கு முன்னோடிகள் உண்டு. வட்டகொடைக்கு அருகே மடகொம்பரைத் தோட்டத்தில் 1914 ஆம் ஆண்டு பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். மாத்தளை மண்ணின் எழுத்தாளராகிய மாத்தளை வடிவேலன் மலையகப் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதினார். அவர்கள் காலத்தில் ஒலிப்பதிவுக் கருவி எல்லோர் கையிலும் இருக்கவில்லை. இன்று ஒவ்வொரு மாணவரின் சட்டைப்பையிலும் ஒன்று இருக்கிறது. பாடசாலை விழாக்களில் காமன் கூத்தின் ஒரு துண்டைப் பத்து நிமிடத்தில் ஆடிக்காட்டுவது நன்றே. ஆயினும் கூரையின் கீழே, நேரம் வைத்து ஆடும் துண்டு முழுக்கூத்தாகிவிடாது. தப்பு எப்படிக் காய்ச்சப்படுகிறது, பிரி எப்படிச் சுற்றப்படுகிறது, மழை வந்தால் படங்கை எப்படிப் பிடிக்கவேண்டும் என்பனவும் அக்கலையின் பாடங்களே. அவற்றைக் களத்தில் நின்றே கற்கவேண்டும்.

அடுத்த மாசியில் மாத்தளைப் பக்கம் செல்ல வாய்ப்புள்ளவர்கள், முத்துமாரியம்மனின் தேரைக் கண்டு வணங்கியபின் ஊர் திரும்பிவிடாமல், தோட்டங்களில் எங்கே காமன் நட்டிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். தேங்காய் இரண்டோ, அரிசி ஒரு படியோ கையிற் கொண்டு செல்வது முறை. குடை கொண்டு செல்லாதீர்கள். மழை வந்தால் யாராவது ஒரு கம்பளி தருவார்கள்.